முருகன்குறிச்சி மெஸ் மாடி ஹால்: கம்ப்யூட்டர் கூட்டம் போடத் தோதான எடம்

மொதல்லயே சொல்லிருதேன். இருபது இருபத்தஞ்சு பேரு ஆளுக்கொரு மெஷினத் தூக்கிட்டு வந்து சாயங்காலம் பூரா ஒக்காந்து பேசணும், ஒயரு இழுக்கணும், எதையாவது கழட்டி மாட்டணும், யாரும் வந்து "எப்பம் முடிப்பிய"ன்னு தலமாட்டுல நிக்கக் கூடாது, இப்படி ஒரு எடம் பாளையங்கோட்டைக்குள்ள வேணும்னா முருகன்குறிச்சி பக்கத்துல உள்ள இந்த மெஸ்ஸோட மாடி ஹாலுக்குத் தாராளமாப் போலாம். அஞ்சுக்கு நாலு குடுக்கேன். அந்த ஒண்ண எதுக்குக் கொறைச்சேன்னு பின்னால வாரேன்.

மெஸ்ஸு பேரு போடல. அண்ணாச்சிகிட்ட கேட்டுப் பாத்தேன், "பேரெல்லாம் வேண்டாம் டீச்சர், ராத்திரி வார வாடிக்கைக்கே நமக்கு எடம் பத்தல"ன்னுட்டாவ. முருகன்குறிச்சி ஸ்டாப்புல எறங்கி மாடியில ஹால் உள்ள சைவ மெஸ் எதுன்னு எந்த ஆட்டோக்கார அண்ணன்ட்ட கேட்டாலும் கை காட்டுவாவ, அது போதும்.

நான் ஒரு பாலிடெக்னிக்ல எலெக்ட்ரானிக்ஸ் லேப் பாத்துக்கிடுதேன். போன ஆனி மாசம் நம்ம ஊரு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ரெண்டு நாள் டெக்னிக்கல் கான்ஃபரன்ஸ் நடந்துச்சு. பேப்பர் வாசிக்கிறது, ஸ்டால் போடுறது எல்லாம் அவிய பாட்டுக்கு நடக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ரூம் மட்டும் குடுங்க, ஆசைக்குக் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க எல்லாம் கூடிப் பேசிக்கிடுதோம்னு ஒரு மாசத்துக்கு முன்னாடியே கேட்டிருந்தேன். பெரிய கான்ஃபரன்ஸ்கள்ல இதுக்குன்னே ஒரு வழக்கம் உண்டு, பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்னு சொல்லுவாவ, சுருக்கமா பாஃப். இனம் இனத்தோட சேரும்னு நாம சொல்லுவோம்லா, அதேதான். மேடை கெடையாது, பொன்னாடை கெடையாது, சிறப்பு விருந்தினர் கெடையாது, ஒரே சங்கதியப் புடிச்சுத் தொங்குறவங்க ஒரு ரூம்ல ஒக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசுறது. 2023 செப்டம்பர்ல டெபியன்னு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யுறவங்க கொச்சில டெப்கான்ஃப்னு அவங்க கான்ஃபரன்ஸ நடத்துனாங்கள்லா, அதுலயும் பாஃப்புக்குன்னு தனியா நேரம் ஒதுக்கி வச்சிருந்தாங்க. நம்ம பக்கத்துல அந்த வழக்கம் இன்னும் வரல, அதனால கேக்கும்போதே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்துச்சு, "யாரு மேடம் ஸ்பீக்கர், டைட்டில் என்ன"ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டாவ. கடைசில சரின்னு சாயங்காலம் அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் ஒரு செமினார் ஹால் தாரேன்னு வாயால சொன்னாவ. எழுதி வாங்காதது என் தப்பு, அத ஒத்துக்கிடுதேன், அடுத்து யாரு நடத்துனாலும் ஒரு மெயிலாவது வாங்கி வச்சுக்கோங்க.

அன்னைக்கு அஞ்சு இருபதுக்கு நாங்க அப்பந்தான் பையத் தொறந்து சாமான வெளிய எடுத்து வச்சிட்டிருக்கோம், வாட்ச்மேன் தாத்தா சாவிக்கொத்தோட வந்து நிக்காவ. "அஞ்சரைக்கு எல்லா ரூமும் பூட்டச் சொல்லிருக்காவ தாயி." அவியளச் சொல்லிக் குத்தமில்ல, அவியளுக்கு வந்த உத்தரவு அது. ஹால் தாரேன்னு சொன்னவருக்கு ஆறு தடவ போன் போட்டேன், எடுக்கல. தென்காசியில இருந்து ஒரு பையன் மானிட்டரப் போர்வையில சுத்தி பஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்திருக்கான், கோவில்பட்டியில இருந்து ரெண்டு புள்ளைங்க வந்திருக்கு, எல்லாரையும் வராந்தாவுல நிக்க வச்சுட்டோமேன்னு எனக்கு அழுகையே வந்துட்டு. அப்பந்தான் எங்க கூட வந்திருந்த ரிட்டயர்டு கணக்கு சார் "செத்த பொறும்மா"ன்னுட்டு போன எடுத்து இந்த மெஸ் அண்ணாச்சியக் கூப்ட்டாவ. சாருக்கு அங்கன இருபது வருசப் பழக்கம். மாடியில வளைகாப்பு, மறுவீட்டு விருந்துன்னு சின்ன விசேஷத்துக்கு விடுற ஹால் ஒண்ணு இருக்கு, அன்னைக்கு காலியாத்தான் கெடந்திருக்கு. "கூட்டிட்டு வாங்க சார், வந்து பேசிக்கிடலாம்." அவ்வளவுதான், வாடகை எவ்வளவுன்னு கூட போன்ல கேக்கல. ஆறு மணிக்கெல்லாம் நாலு ஆட்டோவுல போய் எறங்கியாச்சு.

ஹாலப் பத்திச் சொல்லுதேன். ஒரு முப்பது பேரு ஒக்காரலாம். ஏசி கெடையாது, நாலு ஃபேன், மேற்க பாத்து வரிசையா மூணு சன்னல், ஆனி மாசக் காத்து பொதிகையில இருந்து எறங்கி நேரா உள்ள வரும். பந்தி போடுற மடக்கு டேபிள் ஒரு பத்துப் பன்னெண்டு செவரோரமா சாத்தி வச்சிருக்காவ, நாமளே எடுத்துப் போட்டுக்கிடலாம். கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு இந்த டேபிள்தான் உசிரு. காலேஜ் செமினார் ஹால்ல சேர் எல்லாம் தரையோட போல்ட் போட்டு மேடையப் பாத்து நிக்கும், அங்க ஒக்காந்தா நீங்க கேக்கத்தான் முடியும், காட்ட முடியாது. மெஷினக் கொண்டு வந்தவன் அத ஒரு டேபிள்ல வைக்கணும், சுத்தி நாலு பேரு நின்னு குனிஞ்சு பாக்கணும், பின்பக்கம் கைய விட்டு ஒயர மாத்தணும். இந்த ஹால்ல அதுக்கு எடம் இருந்துச்சு, நாங்க டேபிள ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டோம்.

பிளக் பாயிண்ட் மொத்தம் ஏழு. நான் எங்க போனாலும் பையில ஒரு டெஸ்ட் லேம்ப் வச்சிருப்பேன், ஹோல்டர்ல ஒரு குண்டு பல்பு, ரெண்டு ஒயரு, அவ்வளவுதான். ஒவ்வொரு பிளக்கா ஒரு ஒயர ஃபேஸ்லயும் இன்னொண்ண மேல உள்ள பெரிய ஓட்டையிலயும் வச்சுப் பாத்தேன், அஞ்சுல பல்பு நல்லா பளிச்சுனு எரிஞ்சுது, ரெண்டுல எரியவே இல்ல. எரியலன்னா அங்க எர்த் இல்லன்னு அர்த்தம், ஒயரு எங்கயோ விட்டுப் போயிருக்கு. இரும்பு டப்பாவுல உள்ள பழைய மெஷின எர்த் இல்லாத பிளக்ல சொருகினா தொட்டாலே சுருக்குன்னு இழுக்கும், இந்தக் காலத்து மெட்டல் பாடி லேப்டாப்ல கூட கை வச்சா நொறுநொறுன்னு இருக்கும்லா, அது இதனாலதான். அந்த ரெண்டுலயும் பேப்பர் ஒட்டி "சொருகாதீங்க"ன்னு எழுதிட்டேன். அண்ணாச்சிகிட்ட சொன்னதும் மொகம் சுளிக்கல, "நல்ல வேளை சொன்னிய, கிரைண்டர் ஒயரும் அந்த லைன்தான்"னு உடனே எலெக்ட்ரீசியனுக்கு போன் போட்டு திங்கக்கிழமைக்கு வரச் சொல்லிட்டாவ. நான் அடுத்த வாரம் சாப்பிடப் போனப்ப மாடிக்கும் ஏறி மறுபடி வச்சுப் பாத்தேன், ஏழும் எரியுது.

அவியளுக்கு ஒரே பயம் கரண்ட் பில்லு. இத்தன கம்ப்யூட்டர் போட்டா மீட்டர் ஓடிருமேன்னு ஒரு தயக்கம். நான் உக்காந்து கூட்டிக் காட்டினேன், ராஸ்பெரி பைங்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒண்ணு பதினஞ்சு வாட் அடாப்டர்ல ஓடும், லேப்டாப் அம்பது அறுபது, பழைய டிவி ஒரு எம்பது நூறு, எல்லாத்தையும் சேத்தாலும் ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்குற கரண்ட்தான் வரும்னு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. நீங்க எங்க எடம் கேட்டாலும் இந்தக் கணக்க மொதல்லயே சொல்லிருங்க, பாதிப் பேரு எடம் தர யோசிக்கிறது இதுக்காகத்தான்.

மொத்தம் இருபத்தி மூணு பேரு. ஆரம்பிக்கும்போது ஒரு சுத்து, ஆளாளுக்கு ரெண்டு நிமிசம், என்ன கொண்டு வந்திருக்கேன், எங்க முட்டிக்கிட்டு நிக்கேன், என்னால யாருக்கு என்ன சொல்லித்தர முடியும், இது மூணு மட்டும். அதுக்குப் பொறவு கலைஞ்சு அவங்கவங்களுக்குத் தேவையான டேபிளுக்குப் போயிறணும். இது நான் யோசிச்சுக் கண்டுபிடிச்சது இல்ல. 1975 மார்ச் 5ஆம் தேதி அமெரிக்காவுல மென்லோ பார்க்னு ஒரு ஊர்ல ஒருத்தர் வீட்டு கார் ஷெட்ல ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்போட மொதக் கூட்டம் நடந்துச்சு, ஆல்டேர் 8800ன்னு நாமளே கோத்துக்கிடுற கிட்டா வந்த மெஷினப் பாக்கக் கூடினவங்க, பின்னால ஆப்பிள் ஆரம்பிச்ச ஸ்டீவ் வோஸ்னியாக் அதுல ஒருத்தர். அங்க கூட்டம் ரெண்டு பாதி, மொத பாதியில எல்லாரும் எந்திச்சு என்ன இருக்கு என்ன வேணும்னு சொல்லுவாவ, ரெண்டாவது பாதியில எந்திச்சுப் போய் வேண்டிய ஆளப் புடிச்சுக்கிடுவாவ. கூட்டம் முடிஞ்சா பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் அங்கயும் பேச்சுத் தொடரும். அம்பது வருசம் ஆயிருக்கு, அந்த முறைய விட நல்ல முறை ஒண்ணும் எனக்குத் தெரியல. எங்களுக்கு சாப்பாட்டுக் கடை கீழயே இருந்துச்சு.

பசங்க கொண்டு வந்த ராஸ்பெரி பைல முக்காவாசிக்கு ஒரே நோவு. ஸ்கிரீன் மூலையில மின்னல் மாதிரி ஒரு மஞ்சப் படம் வருது, நடுவுல நின்னுருது, மெமரி கார்டு கெட்டுப் போகுதுன்னு. அது வேற ஒண்ணுமில்ல, மொபைல் சார்ஜர்ல ஓட்டுதாங்க. வோல்டேஜ் 4.63க்கு கீழ எறங்கினா அந்த மின்னல் வரும். சார்ஜர்ல அஞ்சு வோல்ட்னு போட்டிருந்தாலும் மெலிசு ஒயருல வந்து சேரும்போது பாதி வழியிலயே வடிஞ்சிரும். மீட்டர வச்சு ஒரு பையனுக்கு அவன் கேபிளையே அளந்து காட்டினேன், சார்ஜர் பக்கம் 5.1, போர்டு பக்கம் 4.5. வேற தடி கேபிள் மாத்தினதும் மின்னல் போயிட்டு, அவன் மொகத்தப் பாக்கணுமே. ஆறு மாசமா போர்டுதான் போச்சுன்னு மூட்ட கட்டி வச்சிருந்தானாம். யூட்யூப்ல பத்து வீடியோ பாத்தும் தீராதது, மீட்டர் கையில உள்ள ஒரு ஆளு பக்கத்துல ஒக்காந்தா அஞ்சு நிமிசத்துல தீருது. கூட்டம் எதுக்குன்னு கேக்கவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

இப்பம் கணக்கு சாரோட மெஷினுக்கு வாரேன். அவிய வேலை பாத்த பள்ளிக்கூடத்துக்கு கவர்மெண்டோட கிளாஸ்ங்கிற (CLASS) திட்டத்துல வந்த பிபிசி மைக்ரோங்கிற பழைய கம்ப்யூட்டர். 1984ல ஆரம்பிச்ச திட்டம், நாடு பூரா பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கணும்னு இங்கிலாந்துல ஏகார்ன் கம்பெனி செஞ்ச இந்த மெஷினத்தான் எடுத்தாங்க. 32 கேபி மெமரி, ரெண்டு மெகாஹெர்ட்ஸ் வேகம், கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே டப்பா, மேல வரிசையா செவப்புல ஃபங்ஷன் கீ. பள்ளிக்கூடத்துல பழசு பட்டையெல்லாம் ஏலம் விட்டப்ப சார் எடைக்கு எடை போட்டு வாங்கி பரண்ல வச்சிருந்திருக்காவ. பழைய வேட்டியில சுத்தி சாக்குப் பையில போட்டுக் கொண்டாந்தாவ. எத்தன வருசமா ஆன் பண்ணலன்னு சாருக்கே நெனவு இல்ல.

இதுக்கு டிஸ்ப்ளே குடுக்குறதுதான் மொதப் பிரச்சன. இப்பம் உள்ள மானிட்டர் எச்.டி.எம்.ஐ கேக்கும், இது அந்தக் காலத்து வீடியோ சிக்னல். நான் அத டிவிக்குக் கொண்டு போற ஒரு பி.என்.சி ஒயரு ரெடி பண்ணிருந்தேன், ஆனா டிவிக்கு நான் நம்பியிருந்தது காலேஜ் லேப்ல உள்ள பழசத்தான், அங்கதான் பூட்டிட்டாவள்லா. அண்ணாச்சி கேட்டுட்டு "ஏவி குத்துற பழைய டிவியா, ஸ்டோர் ரூம்ல கெடக்கே"ன்னு மெஸ்ஸுல வேல பாக்குற தம்பிய விட்டு ஒரு இருபத்தோரு இன்ச் ஒனிடாவ தூக்கிட்டு வரச் சொன்னாவ. வெங்காய மூட்டைக்குப் பின்னால இருந்து வந்த டிவி, தொடச்சுப் போட்டா படம் கண்ணாடி மாதிரி இருக்கு.

சார்தான் சுவிட்சப் போட்டாவ. ட்ரூஊஊன்னு அடிக்குரல்ல ஒரு சத்தம் வந்து, பீப்னு ஒரு மணி அடிச்சு, டிவியில கறுப்புல வெள்ளையா பிபிசி கம்ப்யூட்டர் 32கே, கீழ பேசிக்னு (BASIC) புரோகிராம் மொழியோட பேரு, அதுக்குக் கீழ ஒரு அம்புக்குறி. ஹால்ல இருந்த அத்தன பேரும் ஓன்னு கத்திட்டோம். ஒரு நிமிசம் கூட இருக்காது, பின்பக்கத்துல இருந்து டப்புன்னு ஒரு சத்தம், வெள்ளையா புகை குபுகுபுன்னு வருது, மீன எண்ணெயில கருக விட்ட மாதிரி ஒரு நாத்தம். நான் பாய்ஞ்சு போய் பிளக்கப் புடுங்கினேன்.

இது பழைய மெஷின் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச கததான். பவர் சப்ளைல மெயின்ஸ் வார வழியில குறுக்க ரெண்டு ஃபில்டர் கெபாசிட்டர் இருக்கும், ரிஃபான்னு கம்பெனி பேரு, மஞ்சக் கண்ணாடி மாதிரி ஓடு, உள்ள காகிதம். வருசக் கணக்குல ஓட்டுல மயிரிழை மாதிரி கீறல் விழும், அது வழியா காத்துல உள்ள ஈரம் காகிதத்துல ஏறும், எத்தன வருசம் கழிச்சு கரண்ட் குடுக்கியளோ அன்னைக்கு வெடிச்சுப் புகையும். மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா தெரியாதவங்க ஈரக்கொலையே நடுங்கிரும். நான் ஆன் பண்ணுறதுக்கு முன்னாடியே தொறந்து பாத்து அத வெட்டிட்டுப் போட்டிருக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். பரண்ல கெடந்த மெஷின் எதையும் தொறந்து பாக்காம கரண்ட் குடுக்காதீங்க, இத நெசமாவே கேட்டுக்கிடுதேன்.

நான் இந்த மெஸ்ஸுக்கு நாலு குடுக்கிறது அடுத்து நடந்ததுக்காக. மாடியில புகை, கீழ ஆளு சாப்பிட்டுட்டு இருக்கு. வேற எந்த ஓனரா இருந்தாலும் மொதல்ல சாமானத் தூக்கிட்டுக் கெளம்புங்கன்னுதான் சொல்லியிருப்பாவ, அதுல தப்பும் சொல்ல முடியாது. அண்ணாச்சி படியேறி வந்தாவ, வந்ததும் கேட்ட மொதக் கேள்வி "யாருக்கும் ஒண்ணும் ஆகலேல்ல?" மூணு சன்னலையும் அவியளே தொறந்து விட்டாவ, மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வரவான்னு கேட்டாவ, வேண்டாம் பிளக்கப் புடுங்கியாச்சுன்னு காட்டினேன். பொறவு மூஞ்சி எல்லாம் வெளிறி நின்ன கணக்கு சாரப் பாத்து, "சார், நம்ம கிரைண்டர் மோட்டர் எத்தன தடவ புகைஞ்சிருக்கு, காயில் கட்டி இன்னும் ஓடிட்டுத்தான இருக்கு, ஒக்காருங்க, காபி வருது"ன்னுட்டு கீழ போயிட்டாவ. அஞ்சு நிமிசத்துல எல்லாருக்கும் கருப்பட்டிக் காபி வந்துட்டு. அதுக்கு பில்லுல காசு போடல, கேட்டதுக்கும் வாங்கல.

காபி குடிச்சு முடிக்க பதினஞ்சு நிமிசம் ஆச்சு, அதுவே நல்லதாப் போச்சு, உள்ள பெரிய கெபாசிட்டர்ல நிக்குற கரண்ட் எறங்கணும்லா. டிவி மெக்கானிக் வேல பாக்குற ஒரு அண்ணன் வந்திருந்தாவ, டப்பாவத் தொறந்து மீட்டர் வச்சு ஒண்ணுமில்லன்னு பாத்துட்டு, கருகிக் கெடந்த கெபாசிட்டரயும், கீறல் விட்டிருந்த அடுத்ததயும் கட்டர வச்சு நறுக் நறுக்குன்னு வெட்டி எடுத்தாவ. அது ரெண்டும் இரைச்சல வடிகட்டத்தான், தற்காலிகமா இல்லாமலும் ஓடும். மறுபடி சுவிட்ச சார்தான் போடணும்னு எல்லாரும் சொன்னோம். சாரு கை நடுங்குச்சு. ட்ரூஊஊ, பீப்.

கோவில்பட்டியில இருந்து வந்த புள்ளைல ஒண்ணு, செகண்ட் இயர், கீபோர்டு முன்னால ஒக்காந்துச்சு. சாரு பின்னால நின்னு சொல்லச் சொல்ல அடிச்சா. பத்து பிரிண்ட், அவ பேரு. இருபது கோட்டூ பத்து. ரன். அவ பேரு ஸ்கிரீன் பூரா ஓடுது. "இதத்தான் சார் எம்பத்தி ஆறுல எங்க மொத பேட்ச் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தேன்"னு சாரு எங்கிட்டச் சொல்லும்போது கொரல் கம்மிட்டு. என்னய சார்னு கூப்பிட்டதக் கூட அவிய கவனிக்கல.

அப்பந்தான் தென்காசிப் பையன், "மேடம் இதே பேசிக் எங்கிட்டயும் இருக்கு"ன்னான். அவன் ராஸ்பெரி பைல ரிஸ்க் ஓஎஸ்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு வச்சிருக்கான். அதுவும் ஏகார்ன்காரங்க செஞ்சதுதான். எஃப் 12 அமுக்கி பேசிக்னு அடிச்சா அதே பிபிசி பேசிக் வந்து நிக்கும். ரெண்டு மெஷினயும் ஒரே டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வச்சோம். சாரு பத்தாயிரம் வரைக்கும் எண்ணுற ஒரு சின்ன புரோகிராம் சொன்னாவ, ஒரு எழுத்து மாத்தாம ரெண்டுலயும் அடிச்சோம். பழசு யோசிச்சு யோசிச்சு சில செகண்டு எடுத்துச்சு, ராஸ்பெரி பை, எண்டர்ல இருந்து வெரல எடுக்குறதுக்குள்ள முடிச்சுட்டு. நான் அப்பம் பசங்களுக்குச் சொன்னேன், இந்த ரெண்டும் ஒரே குடும்பம்டா. பிபிசி மைக்ரோவுக்கு பேசிக் எழுதின சோஃபி வில்சனும், ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்துதான் அதே கம்பெனியில ஆர்ம்னு ஒரு பிராசஸர டிசைன் பண்ணாங்க, 1985 ஏப்ரல் 26ல மொத சிப் வேல செஞ்சுது, அத சோதிச்சுப் பாத்ததே பிபிசி மைக்ரோவோட மாட்டித்தான். இன்னைக்கு இந்த ராஸ்பெரி பைல இருக்கறது ஆர்ம், உங்க எல்லார் மொபைல்ல இருக்கறதும் ஆர்ம். பசங்க மொபைலக் கையில எடுத்துப் பாத்துட்டு அந்தப் பழைய டப்பாவ ஒரு தடவ பாத்தாங்க. செமினார் ஹால்ல ஸ்லைடு போட்டு இத நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்காது.

சாப்பாடு. சனிக்கிழமை ராத்திரி இடியாப்பமும் சொதியும் இவியளோட விசேஷம். சொதின்னா நம்ம பக்கம் மறுவீட்டுக்கு வைக்கிறது, வெளியூர்ல அந்தப் பேர்ல வெறும் தேங்காப்பால் தண்ணியக் குடுப்பாவ, இங்க அப்படி இல்ல. மூணாம் பால்ல காய வேக வச்சு, ரெண்டாம் பால்ல பாசிப்பருப்போட கொதிக்க விட்டு, கெட்டியான மொதப் பால அடுப்ப அணைச்சுட்டுத்தான் ஊத்துதாவ, அதனால திரியாம வெண்ணெய் மாதிரி இருக்கு. முருங்கைக்கா, கேரட், பீன்ஸ், உருளைக்கெழங்கு எல்லாம் முழுசா கெடக்கும், கொழையாது. கூடவே இஞ்சிப் பச்சடி, தேங்காப்பால் மந்தம் குடுக்கும்லா அதுக்கு இது மாத்து. தென்காசிப் பையன் எட்டு இடியாப்பம் சாப்ட்டான். மயினி, அதான் அண்ணாச்சி வீட்டுக்காரவிய, மேல வந்து நின்னு ஒவ்வொருத்தரா "இன்னும் ரெண்டு வைக்கட்டா"ன்னு கேட்டுக் கேட்டு வச்சாவ. மெஷின் இருக்கிற டேபிள்ல சாப்பாடு வேண்டாம்னு நான் சொன்னதும் தனியா ரெண்டு டேபிள் ஓரமா போட்டுக் குடுத்துட்டாவ. உளுந்த வடை சாயங்காலம் ஆறரைக்கு மேல கெடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

துட்டு விவரம்: ஹாலுக்கு நாலு மணி நேரத்துக்கு 1200 ரூவா வாங்கினாவ, நாங்க ஆறுல இருந்து பத்து மணி வரைக்கும் ஒக்காந்திருந்தோம். சாப்பாடு ஆளுக்கு 90. கார்டு கெடையாது, ஜிபே உண்டு. எல்லாருமாச் சேர்ந்து போட்டதுல ஆளுக்கு 150 ரூவாய்க்குள்ள முடிஞ்சுட்டு, படிக்கிற புள்ளைங்க ஆறு பேருக்கு வேலைக்குப் போற நாங்க போட்டுக்கிட்டோம்.

கொறை இல்லாம இல்ல. மாடிப்படி ரொம்ப ஒடுக்கம், செங்குத்தா இருக்கு, டிவியத் தூக்கிட்டு ஏறும்போது தம்பி கால் ஒரு தடவ வழுக்கிட்டு. முட்டு வலி உள்ள பெரியவங்களக் கூட்டிட்டு வாரதா இருந்தா யோசிச்சுக்கோங்க, கணக்கு சாரே ரெண்டு தடவ நின்னு நின்னுதான் ஏறினாவ. பாத்ரூம் கீழ அடுக்களைக்குப் பின்னால, சுத்தமா இருக்கு, உள்ள தாப்பாளும் ஒழுங்கா இருக்கு, ஆனா போற வழியில லைட்டு இல்ல. கூட வந்த புள்ளைங்க ஒவ்வொரு தடவையும் தொணைக்கு ஆளத் தேட வேண்டியதாப் போச்சு. இத மயினிகிட்ட நேராச் சொல்லிட்டேன், ஒரு பல்பு போட்டா தீர்ற விஷயம். அடுத்த வாரம் போனப்பவும் போடல. நான் கொறைச்ச ஒரு மார்க்கு இதுக்குத்தான், பொம்பளப் புள்ளைங்க ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் ஒரு எடத்துல நிம்மதியா இருக்க முடியலன்னா அடுத்த கூட்டத்துக்கு அதுங்க வராது, வீட்டுலயும் விடமாட்டாவ. இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டுந்தான், பிளக்குக்குக் கெடையாது. ஏழரைக்கு ஒரு பத்து நிமிசம் கரண்ட் போனப்ப அத்தன மெஷினும் படுத்துட்டு, அதனால செஞ்சத அப்பப்ப சேவ் பண்ணிக்கோங்க. ஆறுல இருந்து ஏழு வரைக்கும் கீழ மாவு கிரைண்டர் ஓடும், மொத சுத்துப் பேச்ச அந்த நேரத்துல வச்சா பின்னால ஒக்காந்தவங்களுக்குக் காது கேக்காது, ஏழுக்கு மேல வைங்க. பைக் நிறுத்த பத்துக்கு மேல எடம் இல்ல.

வெளியூர்க்காரங்களுக்கு பஸ்ஸு ஒரு கவல. முருகன்குறிச்சியில இருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு, ஆனா சாமானோட ஏறுறது கஷ்டம், ஆட்டோவே நல்லது. கோவில்பட்டிப் புள்ளைங்கள ஒம்பதுக்கெல்லாம் நானும் இன்னொரு அக்காவும் கூடப் போய் பஸ் ஏத்தி விட்டுட்டுத்தான் திரும்பி வந்தோம். கான்ஃபரன்ஸோட சேத்துக் கூட்டம் போடுறவங்க, கடைசி செஷன் முடியறதுக்கும் கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல அரை மணிக்கு மேல விடாதீங்க, விட்டா பாதிப் பேரு பஸ்ஸப் புடிச்சுருவாவ. காலேஜ் டீ குடுக்குற எடத்துல ஒரு சார்ட் பேப்பர்ல பெருசா எழுதி ஒட்டினதப் பாத்துத்தான் எங்க கூட்டத்துக்கு ஒம்பது பேரு வந்தாங்க, வாட்ஸ்அப்ல மட்டும் போட்டிருந்தா இவங்க ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க.

சாரோட மெஷினுக்கு புது கெபாசிட்டர், எக்ஸ் 2ன்னு கேட்டு வாங்கணும், 275 வோல்ட் உள்ளது, ரெண்டும் வாங்கி நானே பத்த வச்சுக் குடுத்துட்டேன், இப்பம் அவிய வீட்டு முன்ரூம்ல பேத்தி வெளையாடுதா.

ஹால் வேணும்னா ஒரு வாரத்துக்கு முன்னாடி நேர்ல போய் சொல்லுங்க, போன்ல சொன்னா அண்ணாச்சி மறந்துருவாவ. புரட்டாசி சனிக்கிழமையும், முகூர்த்த நாள்லயும் கெடைக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அங்க கெடையாது, மூணு பின் உள்ளதா, ஒயரு தடியா இருக்கிறதா நாலு எடுத்துட்டுப் போங்க.